வளைவில் சரியாக உட்கார்ந்த புள்ளி

எங்கள் கணக்கு வகுப்புக்கு
மணி அடிப்பது கடல்.
திங்களன்று எட்டே காலுக்கு.
செவ்வாயன்று ஒன்பது ஐந்துக்கு.
புதனன்று வேதியியலை இடித்துத் தள்ளிக்கொண்டு.
வெள்ளியன்று சாப்பாட்டு வேளையில்,
ஒரு கையில் ரொட்டி, மறு கையில் அளவுகோல்.

நாளுக்கு இரண்டு நாழிகை பிந்துகிற ஓதத்துக்காகக்
கால அட்டவணையைத் திருத்த
ஒரே ஒரு தடவை தலையாட்டிவிட்டு
இன்னமும் கழுத்தைத் தடவிக்கொள்கிறார் தலைமையாசிரியர்.
வரலாற்று ஆசிரியர் எங்களோடு பேசுவதில்லை.

அப்போலின் ஷாப்புயி, வயது இருபத்தாறு,
மலையூர்க்காரி, நீச்சல் தெரியாது,
கடற்காக்கைக்குப் பயம்.
பிரெத்தாஞ் கரைக்கு வந்த முதல் வாரமே
படகுத்துறைக் கம்பத்தைக் காட்டிக் கேட்டார்:
"தண்ணீர் இந்த ஆணிக்கு எத்தனை மணிக்கு வரும்?"
பிறகு வாயை மூடிக்கொண்டார்.
மூன்று வாரம் திறக்கவே இல்லை.

சிப்பிப் பண்ணை வீட்டு எனோரா
பூட்ஸ் காலால் தாளம் போட்டாள்:
ஒன்று, இரண்டு, மூன்று,
மூன்று, இரண்டு, ஒன்று.
ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு பங்கு;
முதலில் சோம்பல், நடுவில் பாய்ச்சல், கடைசியில் சோம்பல்.
ரென் நகரத்திலிருந்து வந்த இத்ரிஸ்
"அடடா, இது சைன்" என்றான்.
"இது எங்கள் வீட்டுக் கணக்கு" என்றாள் அவள்.
இரண்டு பேரும் ஒரே சாக்கட்டிக்கு அடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த ஒரு நாள், ஒரு இரவு.
மணிக்கு ஓர் அளவு, மொத்தம் இருபத்தைந்து.
விடியற்காலை மூன்று மணி என் முறை.
கூட வரவேண்டிய துய்துவாலுக்குக் காய்ச்சல்.
மழை கம்பியாய் இறங்கியது.
வலைக்கொட்டகையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடினேன்;
திறந்தபோது நாலாகப் பத்து நிமிடம்.

பயப்படவில்லை. எனக்குத்தான் சைன் தெரியுமே.
விளக்கடியில் போட்டுப் பார்த்தேன்:
ஐந்து மீட்டர் எழுபத்திரண்டு.
எழுதி முடித்து, நம்பும்படியாக இருக்கட்டும் என்று
கூரையிலிருந்து ஒரு சொட்டு பிடித்து
நோட்டின் ஓரத்தில் விட்டேன்.

காலையில் சுவர் முழுக்க வரைபடம்.
பகல் புள்ளிகள் வளைவை ஒட்டி,
விரற்கடை முன்னே, விரற்கடை பின்னே.
இரவுப் புள்ளிகளோ
ஒரு சாண் மேலே எழும்பி நின்றன,
வரிசை கலையாமல், எல்லாமே.
ஒன்றைத் தவிர.
அது மட்டும் கோட்டின்மேல்
ஊசி குத்தினாற்போல் உட்கார்ந்திருந்தது.

"நீ ஒருத்திதான் ஒழுங்காக அளந்திருக்கிறாய்"
என்று இத்ரிஸ் என் முதுகில் தட்டினான்.
எனோரா ஒன்றும் சொல்லாமல்
கதவருகே தொங்கிய காற்றழுத்தமானியைப் போய்ப் பார்த்தாள்.
முள் இருபத்து நாலு கோடு இறங்கியிருந்தது.
"மேலே காற்று லேசாகிவிட்டால்
கடல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.
அப்பா இப்படிப்பட்ட இரவில்
கயிற்றைத் தளர்த்திக் கட்டுவார்."
திரும்பி என்னைப் பார்த்தாள்.
"உன் கடலில் மட்டும்
ஏன் வானிலை இல்லை?"

என் காது எரிந்தது.
மூன்று வாரத்துக்குப் பிறகு
ஷாப்புயி வாயைத் திறந்தார்:
"அழிக்க வேண்டாம்."
அவ்வளவுதான்.

அடுத்த தேர்வில் ஏழாவது கேள்வி:
மூன்று மணிப் புள்ளி
எத்தனை சென்டிமீட்டர் பொய் சொல்கிறது?
அழுத்தத்தைக் கொண்டு விளக்குக.
நானும் எழுதினேன்.
என் பொய்யை நானே அளந்து
முழு மதிப்பெண் வாங்கினேன்;
வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

இன்றைக்கு வகுப்பு பிற்பகல் இரண்டே முக்காலுக்கு.
படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.
இருபத்து நாலு புள்ளிகள் நனைந்து, கோணிக்கொண்டு,
ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன.
என்னுடையது
ஒரு துளி ஈரமில்லாமல்.